சுறாவின் தலைக்குள் எத்தனை மாடி?

கேள்வி: ஐயா, நாங்கள் கமுதியில் இருக்கிறோம். கடல் எங்களுக்குத் தொலைவு. மூக்கையூர், ஏர்வாடிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வருவதுதான் மீன். மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருப்பதால் பால் சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுத்துவருகிறேன். போன வாரம் தலையோடு வாங்கிய சுறாவை வெட்டும்போது உள்ளே மூளை தெரிந்தது. என் விரல் நுனி அளவுதான் இருந்தது. பக்கத்தில் நின்ற மகன் வீட்டுப் பேரன் (பதினொன்றாம் வகுப்பு) சொல்கிறான்: "அப்பத்தா, நம்ம மூளைக்கு அடியிலயும் இந்த மீன் மூளைதான் இருக்கு. அதுக்கு மேல பல்லி மூளை, அதுக்கு மேலதான் மனுச மூளை. உனக்குக் கோவம் வர்றது பல்லி மூளையாலதான்." செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டானாம். இது உண்மையா? இத்துனூண்டு மூளையை வைத்துக்கொண்டு சுறா எப்படி இரை தேடுகிறது? பிறந்த குட்டிக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அடுத்த முறை தலை கிடைத்தால் பேரனுக்கு மூளையை எப்படிப் பிரித்துக் காட்டுவது?

— வாசகி, கமுதி

பதில்: பேரன் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. மற்றக் கேள்விகளுக்கும் வழி அங்கிருந்துதான் பிரிகிறது.

மீன் மூளைக்கு மேல் பல்லி மூளை, அதற்கு மேல் மனித மூளை என்று மாடி மேல் மாடியாகக் கட்டிய வீடு போல நம் மூளையைச் சொல்வது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். ஜெர்மானிய நரம்பியலாளர் லுட்விக் எடிங்கர் இதற்கு அடித்தளம் போட்டவர். மீனின் முன்மூளைக்கு மோப்பம் பிடிப்பதைத் தவிர வேறு வேலையில்லை, சிந்திக்கிற பகுதி பின்னால் வந்த விலங்குகளில்தான் புதிதாகச் சேர்ந்தது என்பது அவர் கணக்கு. அமெரிக்காவின் பால் மெக்லீன் 1960-களில் அதை மூன்று அடுக்காக்கினார். கார்ல் சேகன் 1977-ல் எழுதிய 'தி டிராகன்ஸ் ஆஃப் ஈடன்' அந்தக் கதையை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இன்றைக்கும் அதை விடுவதாயில்லை. கோபப்பட்டுவிட்டுப் பழியைப் போட ஒரு பல்லி கிடைக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள்?

அந்த வீட்டை இடித்ததில் சுறாவுக்குப் பெரிய பங்குண்டு. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்வென் எப்பெசனும் அவரோடு வேலை செய்தவர்களும் நர்ஸ் சுறா என்ற இனத்தின் மூளைக்குள் எந்த நரம்பிழை எங்கே போகிறது என்று தடம்பிடித்துப் பார்த்தார்கள். எடிங்கர் சொன்னது சரியென்றால், மூக்கிலிருந்து வரும் இழைகள் முன்மூளை முழுக்கப் பரவியிருக்க வேண்டும். அப்படி இல்லை. மோப்பச் செய்தி போனது அதில் ஒரு சிறு பகுதிக்குத்தான். கண்ணிலிருந்தும் பிற புலன்களிலிருந்தும் வரும் செய்திகளுக்கும் முன்மூளையில் இடம் இருந்தது. 1973-ல் இன்னொரு சோதனை: நடுமூளையில் உள்ள பார்வைக் கதுப்பை அகற்றிய பிறகும் நர்ஸ் சுறாவால் கண்ணால் பார்த்துப் பொருள்களை வேறுபடுத்த முடிந்தது. வெறும் மோப்ப மூளைக்கு இது எப்படிச் சாத்தியம்?

கருவில் பார்த்தால் இன்னும் தெளிவு. சுறாவோ, தவளையோ, கோழியோ, மனிதப் பிள்ளையோ, எல்லாருக்கும் மூளை ஒரு குழாயாகத்தான் தொடங்குகிறது. குழாயின் முன்பக்கம் மூன்று இடத்தில் புடைக்கும்: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பால்ஃபர் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலோர ஆய்வகத்தில் சுறா, திருக்கை வகைக் கருக்களை மெல்லிசாகச் சீவிச் சீவிப் பார்த்து, 1878-ல் அவற்றின் வளர்ச்சி பற்றித் தனி நூலே வெளியிட்டார். நான்கே ஆண்டில், முப்பது வயதில், ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் இறந்துபோனார். இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால் எடிங்கரின் கதை அவ்வளவு எளிதில் எடுபட்டிருக்குமா என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. 2016-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தாடையே இல்லாத மீன்களின் கருக்களைப் பார்த்தபோது, நம் மூளையின் முக்கியமான பகுதிகள் உருவாகும் இடங்கள் அவற்றிலும் வகுக்கப்பட்டிருந்தன. அந்த வரைபடத்துக்கு வயது 50 கோடி ஆண்டுக்கு மேல் என்று அர்த்தம்.

இந்தப் பக்கத்து உதாரணமும் ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் மனிதக் கருவின் மூளைப் படத்தொகுப்பை வெளியிட்டது. 14 வாரம் முதல் 24 வாரம் வரையிலான கருக்களிலிருந்து எடுத்த 5,132 சீவல்களின் படங்கள் அதில் இருக்கின்றன. பேரனைக் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். 14 வாரக் கருவில் பெருமூளையின் மேற்பரப்பு மொழுமொழுவென்று இருக்கும். சுருக்கங்கள் இன்னும் விழவில்லை. ஆனால் பகுதிகள் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. முதலில் மீன் மூளை முளைத்து முடிந்து, அப்புறம் அதன் தலையில் மனித மூளை ஏறி உட்காருவதாக எந்த வாரத்திலும் காண முடியாது.

அப்படியானால் சுறாவுக்கும் நமக்கும் என்னதான் வித்தியாசம்? அளவும் விகிதமும். 1995-ல் பார்பரா ஃபின்லேயும் ரிச்சர்ட் டார்லிங்டனும் 131 பாலூட்டி இனங்களின் மூளையை ஒப்பிட்டு ஒன்று சொன்னார்கள்: கருவில் எந்தப் பகுதியின் நரம்புச் செல்கள் தாமதமாக உருவாகி முடிகின்றனவோ, அந்தப் பகுதிதான் மூளை பெரிதாகும்போது மற்றவற்றைவிட அதிகமாகப் பெருக்கிறது. செல்கள் பிரிந்து பெருக அதற்கு அதிக நாள் கிடைக்கிறது, அவ்வளவுதான். காரா யோபக் என்ற சுறா மூளை ஆய்வாளரும் ஃபின்லேயும் மற்றவர்களும் 2010-ல் இதே கணக்கைச் சுறாக்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய மூளையுள்ள சுறாக்களிலும் முன்மூளையும் சிறுமூளையும்தான் விகிதத்தை மீறி வளர்ந்திருந்தன. மோப்பக் கதுப்பு மட்டும், பாலூட்டிகளில் போலவே, இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் தன் போக்கில் இருந்தது. சுறாவின் வழியும் நம் வழியும் பிரிந்து 42 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. இருந்தும் மூளை பெருக்கிற முறை ஒன்றே.

இப்போது உங்கள் விரல் நுனிக்கு வருவோம். பெரிய வெள்ளைச் சுறா நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ளது. மூளை சுமார் 35 கிராம். நம்முடையது 1,300 கிராமுக்கு மேல். இதைப் பார்த்துச் சுறாவை முட்டாள் என்று முடிவுகட்டினால், நம்மைவிட மூன்று மடங்குக்கு மேல் மூளையுள்ள யானையிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டியிருக்கும். மூளையின் எடையை உடம்பின் எடையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் சதவீதம் போட்டால் தப்பு: உடம்பு சிறிதாக ஆக மூளையின் சதவீதம் தானாகவே ஏறும், சுண்டெலி கெட்டிக்காரனாகிவிடும். ஒரே எடையுள்ள விலங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் நியாயம். 1970-களில் கிளென் நார்த்கட் போன்றவர்கள் அப்படிச் செய்தபோது, பல சுறாக்களும் திருக்கைகளும் எலும்பு மீன்களின் வரிசையைத் தாண்டிப் பறவைகளும் பாலூட்டிகளும் இருக்கும் எல்லைக்குள் வந்து நின்றன. உங்கள் பால் சுறாவும் சின்ன உடம்புக்காரி. அவளுக்கு விரல் நுனி மூளை குறைச்சல் இல்லை.

சுறாவுக்குச் சுறா மூளை மாறுவதும் பிழைப்பைப் பொறுத்ததுதான். கொம்பன் சுறாவின் முன்மூளை பெரிது. சிறுமூளை மடிப்பு மடிப்பாக இருக்கும். வேகமாக நீந்தி இரையைத் துரத்துபவை, பாறைத் திட்டுகளில் கூட்டமாகத் திரிபவை எல்லாம் இப்படி. தலையில் இரண்டு மடல் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புத் திருக்கைக்கு மீன்களிலேயே மிகப் பெரிய மூளை. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடிக்கிற சுறாக்களைப் போன்றவற்றில் சிறுமூளை எளிமையாகவும், பின்மூளையின் அடிப்பகுதியான முகுளம் பெரிதாகவும் இருக்கும். வெளிச்சமில்லாத இடத்தில் துரத்தல் குறைவு, தடவி அறிவது அதிகம். மீன்களிலேயே பெரிய உடம்புள்ள திமிங்கலச் சுறாவுக்கோ உடம்புக்கு மிகச் சிறிய மூளை. வாயைத் திறந்துகொண்டு போனால் சாப்பாடு கிடைக்கும்போது அதிகம் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று, இது எனக்கே இன்னும் வியப்பு தருவது. வம்சக் கணக்கில் சுறாவைவிட வஞ்சிரம்தான் நமக்கு நெருங்கிய சொந்தம். எலும்பு மீன்களின் கிளையிலிருந்துதான் தவளையும் பல்லியும் நாமும் வந்தோம். சுறா அதற்கு முன்பே தனியாகப் போய்விட்டது. ஆனால் முன்மூளை உருவாகும் விதத்தைப் பாருங்கள். சுறாவிலும் நம்மிலும் குழாயின் பக்கச்சுவர் இரண்டு புறமும் பையாகப் புடைத்து, நடுவில் நீர் நிறைந்த அறையைச் சுற்றி வளைகிறது. வஞ்சிரத்திலும் நெத்திலியிலும் அதே சுவர் வெளிப்பக்கமாக விரிந்து புரண்டுவிடுகிறது. உள்ளே இருக்க வேண்டியது மேலே வந்துவிடும். நெருங்கிய சொந்தக்காரர் வீட்டு மூளை தலைகீழ், தூரத்துச் சொந்தத்தின் மூளை நம்முடையதைப் போல. மீன் ஒரு படி, அதற்கடுத்த படி பல்லி என்று வரிசை கட்டினால் இதை எங்கே வைப்பது?

இரை தேடும் விஷயம். ஒரு சொட்டு ரத்தத்தை மைல் கணக்கில் மோந்துவிடும் என்பது சினிமாக் கதை. சுறாவின் மோப்பம் மற்ற மீன்களுடையதைவிடப் பெரிதாக உயர்ந்ததில்லை. நீங்கள் தலையைக் கழுவும்போது மூக்குப் பக்கத்தில் ஊசியால் குத்தினாற்போல் துளைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் தெளிவான பசை நூல் நூலாக வெளியே வரும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். இத்தாலியரான ஸ்டெஃபானோ லொரென்சினி 1678-லேயே இந்தக் குழல்களை விவரித்தார். எதற்கு என்று தெரிய அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு பிடித்தது. அவை மின்சாரத்தை உணரும் உறுப்புகள். எந்த உயிரின் உடம்பைச் சுற்றியும் தண்ணீரில் மிக நுண்ணிய மின்புலம் இருக்கும். 1971-ல் அட்ரியானஸ் கால்மைன் மணலுக்குள் தட்டை மீனைப் புதைத்து, வாசனை வராமல் மறைத்துவைத்தார். சுறா நேராக வந்து அந்த இடத்தைக் கிளறியது. மீனுக்குப் பதிலாக மின்முனைகளைப் புதைத்து அதே அளவு மின்சாரம் விட்டபோது, பக்கத்தில் கிடந்த மீன் துண்டைத் தொடாமல் மின்முனையைத்தான் கடித்தது.

இதில் மூளைக்கு ஒரு பெரிய சிக்கல். சுறா மூச்சுவிடும்போதும் செவுள் அசையும்போதும் அதன் உடம்பே மின்சாரத்தைக் கிளப்புகிறது. தன் சத்தத்தில் இரையின் சத்தம் அமுங்கிப்போகாமல் இருப்பது எப்படி? நியூசிலாந்தின் ஜான் மான்ட்கோமரியும் அமெரிக்காவின் டேவிட் போட்ஸ்னிக்கும் 1990-களில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். பின்மூளையில், சிறுமூளையைப் போன்றே செல்கள் அடுக்கப்பட்ட ஒரு பகுதி இருக்கிறது. இப்போது மூச்சு விடப்போகிறோம் என்ற தகவல் மூளையின் பிற பகுதிகளிலிருந்து அங்கே வருகிறது; அந்த மூச்சோடு வழக்கமாக என்ன மின்துடிப்பு வரும் என்பதை அந்தப் பகுதி கற்றுவைத்துக்கொண்டு, வந்த செய்தியிலிருந்து கழித்துவிடுகிறது. மிச்சம் இருப்பதுதான் வெளியுலகம். பழக்கம் மாறினால் கழிக்கிற அளவும் மாறும். நமக்கு உடம்பின் அசைவுகளைச் சீராக்கித் தரும் சிறுமூளையும் எதிர்பார்த்ததை நடந்ததோடு ஒப்பிட்டுத் திருத்துகிற வேலையைத்தான் செய்கிறது. முழுமையான சிறுமூளை தாடையுள்ள மீன்களிலிருந்துதான் தொடங்குகிறது. விரைந்து செல்லும் நரம்புகளுக்குக் கொழுப்புறை போட்டதும் அவைதான். நாம் பெற்ற சொத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்றால் மிகையில்லை.

வேளா மீனின் வாள் போன்ற நீண்ட மூக்கு முழுவதும் மின்சாரத்தை உணரும் அந்தத் துளைகள்தான். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. அவர்கள் ஆயுதம் என்று நினைத்து வணங்கினார்களோ என்னவோ, அந்தக் கொம்பு வேளாவின் வாள் என்றால் அது ஆயுதமும்தான், புலனும்தான். வேளா இன்று கண்ணில் படுவதே அபூர்வம். 2001 முதல் சட்டம் அதைப் புலிக்கு இணையாகக் காக்கிறது.

சுறா கற்குமா என்றால், கற்கும். யூஜினி கிளார்க் 1950-களின் இறுதியில் ஃபுளோரிடாவில் எலுமிச்சைச் சுறாக்களைப் பலகையை மூக்கால் தட்டினால் தீனி என்று பழக்கினார். குளிர்காலத்தில் பத்து வாரம் பயிற்சியே இல்லை. திரும்ப வைத்தபோது மறக்காமல் தட்டின. ஜெர்மனியின் பான் நகரில் வேரா ஷ்லூசல் குழுவினர் வைத்திருந்தது சாம்பல் மூங்கில் சுறா, நம் கடலிலும் உள்ள சிறு இனம். வடிவங்களைப் பிரித்தறிந்து மாதக் கணக்கில் நினைவு வைத்திருந்தது. கோடே வரையாமல், மூலைகளை மட்டும் வெட்டிக் காட்டிய முக்கோணத்தையும் சதுரத்தையும்கூட நம்மைப் போலவே முழு உருவமாகக் கண்டுகொண்டது என்று 2014-ல் எழுதினார்கள்.

குட்டிக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பால் சுறா என்று கடையில் சொல்வது ஒரே இனமல்ல, சிறு சுறாக்கள் இரண்டு மூன்றுக்கும் அதே பெயர். அவற்றில் கல்லூரிப் பாடத்தில் வரும் ஸ்கோலியோடானைச் சொல்கிறேன். அதன் முட்டை ஒரு மில்லிமீட்டர்தான். மஞ்சள் கரு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் தாய் கருப்பைக்குள்ளேயே நச்சுக்கொடி வழியாக ஊட்டி வளர்க்கிறது. வயிற்றைக் கீறும்போது சில சமயம் குட்டிகள் கொடியோடு தெரியும். பிறக்கும்போது ஒரு சாண்கூட இராது, ஆனால் அன்றே நீந்தி, அன்றே இரையைத் தேட வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் நம்பி வளரும் சுறாக்களைவிட, தாயிடமிருந்து இப்படித் தொடர்ந்து சத்து வாங்கும் சுறாக்களுக்கு உடம்பளவுக்குப் பெரிய மூளை இருப்பதாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மூளை தீனி அதிகம் கேட்கும் உறுப்பு. கொடுக்கத் தாய் இருந்தால்தான் பெரிதாக்க முடியும். நம் பிள்ளைகள் வேறு வழி. பிறக்கும்போது சுமார் 350 கிராம் மூளை, ஓராண்டுக்குள் அது இரட்டிப்பாகும். அதுவரை தாய்ப்பாலும் மடியும். வளர்ந்தவுடன் நம் மூளையின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மீன்களின் மூளையோ உடம்போடு சேர்ந்து வாழ்நாளெல்லாம் வளரும்.

கடைசிக் கேள்விக்கு: இந்தியாவில் விலங்கியல் படித்த பழைய தலைமுறையினர் பலர் இதே சுறாவின் தலையைத்தான் அறுத்துப் படித்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஸ்கோலியோடான் நூலை எழுதியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி, யாழ்ப்பாணத்து எவாஞ்சலின் முத்தம்மா தில்லையம்பலம். லக்னோ இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தபோது 1928-ல் அது வெளிவந்தது. பிற்காலத்தில் சுண்டிக்குளி மகளிர் கல்லூரிக்கு அதிபராக இருந்தார். கல்லூரிகளில் இப்போது அறுப்பது நின்றுவிட்டது. சமையலுக்கு வாங்கியதன் தலையைப் பார்ப்பதில் தடை ஒன்றுமில்லை.

அன்று காலை பிடித்த சுறாவாகப் பார்த்து வாங்குங்கள். ஐஸில் இரண்டு நாள் கிடந்தால் மூளை கூழாகிவிடும். தலையை நிமிர்த்திவைத்து, இரண்டு கண்களுக்கும் நடுவே தோலை உரியுங்கள். கீழே எலும்பு இராது, குருத்தெலும்புதான். கத்தியைப் படுக்கவைத்து மெல்லிசாகச் சீவிக்கொண்டே போனால் வெள்ளையாக மூளை தெரியும். குத்தக் கூடாது. முன்னால் உருண்டையாக இருப்பது முன்மூளை. அதிலிருந்து இரண்டு தண்டுகள் மூக்குப் பைகளுக்குப் போகும். அதற்குப் பின்னால் மேலே கவிந்திருப்பது சிறுமூளை. அதை ஈர்க்குச்சி நுனியால் லேசாகத் தூக்கினால் அடியில் இரண்டு பார்வைக் கதுப்புகள். சிறுமூளையின் பின்பக்க ஓரங்களில் சுருண்ட இரண்டு மடல்கள் தெரியும். நான் சொன்ன மின்சாரக் கழித்தல் கணக்கு நடப்பது அந்த மடல்களை ஒட்டிய இடத்தில். பேரனை முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். பின்னால் முகுளம் குறுகி முதுகுத் தண்டாகப் போவது தானாகவே கண்ணில் படும்.